‘கடவுச்சொல் தவறு’ என்று யார் சொன்னது?

(கணினித் துறை மாணவர்களும் பணியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2020 டிசம்பர் 14, திங்கட்கிழமை. நம் நேரப்படி மாலை 5.16. கொரோனாவால் பள்ளிப் பாடமும் அலுவலக வேலையும் வீட்டுக்குள் வந்துவிட்டிருந்த காலம். அந்த நிமிடத்திலிருந்து ஜிமெயில் திறக்கவில்லை. கூகுள் டிரைவ், காலண்டர், மீட் எதற்குள்ளும் நுழைய முடியவில்லை. யூடியூப் பிழைச் செய்தி காட்டியது. மாலை 6.03 வரை, 47 நிமிடம், உலகம் முழுக்க இதே நிலை. வீட்டு இணைய இணைப்பைச் சந்தேகித்து மோடத்தை அணைத்துப் போட்டவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள்.

அன்றைக்கு ஒன்றைக் கவனித்தவர்களும் உண்டு. கணக்கில் நுழையாமல் இன்காக்னிடோ சன்னலில் யூடியூபைத் திறந்தால் படம் ஓடியது. கூகுள் தேடல் வழக்கம்போல் வேலை செய்தது. அப்படியானால் வீடியோக்கள் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தன, சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, கேபிள் எதுவும் அறுபடவில்லை. ‘நீங்கள் யார்?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் மட்டும் பேச்சற்றுப் போயிருந்தது.

என்ன நடந்தது என்று கூகுள் பின்னர் வெளிப்படையாக அறிக்கை தந்தது. தரவுத்தளத் துறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அதை ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். பயனர் கணக்குகளின் விவரம் அங்கே பல இடங்களில் பரவிய ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அதில் எழுதப்படுவதை பாக்ஸோஸ் என்ற நெறிமுறை ஒழுங்குபடுத்துகிறது. அதில் பங்கேற்கும் கணினிகளுள் ஒன்று, அதாவது ஒரு நோடு, தலைவராக இருக்கும். எழுத்து அதன் வழியாகத்தான் போகும். அந்த ஆண்டு அக்டோபரில், ஒவ்வொரு சேவைக்கும் எவ்வளவு சேமிப்பு வசதி என்று ஒதுக்கீடு செய்யும் ஏற்பாட்டைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய ஏற்பாட்டின் சில பகுதிகள் அகற்றப்படாமல் நின்றுவிட்டன. கணக்குச் சேவையின் பயன்பாடு பூஜ்யம் என்று அவை தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தன. சலுகைக் காலம் ஒன்று இருந்ததால் உடனே எதுவும் ஆகவில்லை. அது முடிந்த அன்று, தானியங்கி ஏற்பாடு தன் கடமையைச் செய்தது. பயன்படுத்தாதவருக்கு ஒதுக்கீடு எதற்கு என்று குறைத்துவிட்டது. தலைவர் நோடால் எழுத முடியவில்லை. எழுத முடியாததால், சற்று நேரத்தில், படிக்கப்பட்ட விவரங்களில் பெரும்பகுதி பழையதாகிவிட்டது.

விவரம் பழையது என்று தெரிந்தால் கோரிக்கையை மறுத்துவிட வேண்டும் என்பது அந்தச் சேவையின் பாதுகாப்பு விதி. அந்த விதி சரியானது என்றே நான் கருதுகிறேன். உங்கள் கணக்கை ஒருவன் திருடிவிட்டான், நீங்கள் இந்த நிமிடம் கடவுச்சொல்லை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரதியைப் பார்த்துப் பதில் சொல்லும் சர்வர் திருடனை உள்ளே விட்டு உங்களை வெளியே நிறுத்தும். அதைவிட 47 நிமிடம் எல்லோரும் காத்திருப்பது மேல். ஆனால் இந்தச் சம்பவத்தை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் வேறு. உள்நுழைவு என்பது தரவுத்தளத்தில் நடக்கும் ஒரு வாசிப்பு. மற்ற எந்த வாசிப்பும் எப்படியெல்லாம் கெடுமோ அப்படியெல்லாம் இதுவும் கெடும். பிரதி கைக்கு எட்டாமல் போகலாம், பழையதாக இருக்கலாம், காலியாக இருக்கலாம், பதில் வரத் தாமதமாகலாம். உட்கார்ந்திருக்கும் மனிதருக்கோ திரையில் அனேகமாக ஒரே வாக்கியம்தான் வருகிறது: உங்கள் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு.

கேட்ட கேள்விக்கு மூன்று விடைகள் சாத்தியம். சரி, தவறு, தெரியவில்லை. மூன்றாவது விடை இரண்டாவதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. பழுது பார்ப்பவரின் முதல் வேலை இந்த இரண்டையும் பிரிப்பது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி நான் சொல்லும் நுட்பங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அப்பாச்சி கசாண்ட்ராவை எடுத்துக்கொள்கிறேன். ஃபேஸ்புக்கில் இன்பாக்ஸ் தேடலுக்காக அவினாஷ் லக்ஷ்மனும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கியது. 2008இல் திறந்த மூலமாக வெளிவந்து, 2010இல் அப்பாச்சியின் முழுநிலைத் திட்டம் ஆனது. இதில் தலைவர் என்று எந்த நோடும் கிடையாது. எந்த நோடில் வேண்டுமானாலும் பேசலாம். அது உரிய நோடுகளைக் கேட்டுப் பதில் வாங்கித் தரும்.

நிறுவிய கையோடு கசாண்ட்ரா யாரையும் கடவுச்சொல் கேட்பதில்லை. அமைப்புக் கோப்பில் ‘ஆலோ ஆல் ஆத்தென்டிகேட்டர்’ என்று இருக்கும். வருகிறவர் எல்லோரையும் விட்டுவிடும். அதை ‘பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேட்டர்’ என்று மாற்றி மறுபடி இயக்கினால் சோதனை தொடங்கும். அப்போது கசாண்ட்ரா என்ற பெயரிலேயே, அதே சொல்லைக் கடவுச்சொல்லாகக் கொண்ட முதன்மைப் பயனர் ஒருவரை அது உருவாக்கும். நோடு எழுந்தவுடன் அல்ல, சுமார் 10 விநாடி கழித்து. அந்த இடைவெளியில் அவசரப்பட்டு நுழையப் பார்ப்பவருக்குக் ‘கடவுச்சொல் தவறு’ என்றுதான் வரும். தவறு ஒன்றுமில்லை, பயனரே இன்னும் பிறக்கவில்லை.

பயனர்களும் கடவுச்சொற்களின் ஹாஷ் வடிவங்களும் ‘சிஸ்டம் ஆத்’ என்ற கீஸ்பேஸில், அதாவது அட்டவணைத் தொகுப்பில், மற்ற தரவைப் போலவே இருக்கின்றன. அந்த கீஸ்பேஸுக்கு நெடுங்காலமாக இயல்பாக அமைந்திருந்த பிரதி எண்ணிக்கை 1. உங்கள் வணிகத் தரவுக்கு மூன்று பிரதி வைத்திருப்பீர்கள். அந்தத் தரவை யார் தொடலாம் என்ற விவரத்துக்கு ஒரே பிரதி! ஒரே நோடிலும் இயங்கியாக வேண்டும் என்பதால் 1 என்று வைத்தார்கள், அது புரிகிறது. ஆனாலும் இது எண்ணற்ற நிர்வாகிகளின் இரவுத் தூக்கத்தைப் பறித்த அமைப்பு என்று சொல்வேன். நிறுவும் கையேட்டில் எங்கோ ஒரு பத்தியில் எச்சரிக்கை எழுதியிருப்பது போதாது.

இதன் விளைவைப் பாருங்கள். ஆறு நோடுகள் உள்ள கிளஸ்டர். ஒவ்வொரு பயனரின் விவரமும் அவர் பெயரைக் கொண்டு கணக்கிட்ட ஓர் எண்ணின்படி ஏதோ ஒரு நோடில் போய் அமர்கிறது. குடும்பத்துச் சொத்துப் பத்திரங்களை ஆறு பிள்ளைகளிடம் ஆளுக்குச் சில என்று பிரித்துக் கொடுத்து வைத்த மாதிரி. ஒரு பிள்ளை ஊரில் இல்லாவிட்டால் அவரிடம் உள்ள பத்திரங்கள் மட்டும் கிடைக்காது, மற்றவை எல்லாம் கிடைக்கும். அதேபோல ஒரு நோடு விழுந்தால் சில பயனர்களால் மட்டும் நுழைய முடியாது. மற்றவர்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை செய்வார்கள். அறிக்கை அனுப்பும் செயலி நிற்கிறது, பணம் வசூலிக்கும் செயலி ஓடுகிறது. உடனே எல்லோரும் நிற்கும் செயலியின் அமைப்புக் கோப்பைத்தான் குடைவார்கள். ‘அதற்கு மட்டும்தானே வரவில்லை, அப்படியானால் பிழை அதனிடம்தான்’ என்ற தர்க்கம் ஒற்றைச் சர்வர் காலத்துத் தர்க்கம். பரவிய தரவுத்தளத்தில் அது ஏமாற்றும்.

இன்னொரு நுட்பம் உண்டு. கடவுச்சொல் சோதனை ஓர் இணைப்பு தொடங்கும்போது மட்டும் நடக்கிறது. ஏற்கெனவே நுழைந்துவிட்ட இணைப்பை யாரும் மறுபடி கேட்பதில்லை. ஆகவே நோடு விழுந்த பிறகும் பழைய இணைப்புகளை வைத்துக்கொண்டு செயலி ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு புதிய இணைப்பு மட்டும் தோற்கும். அதைப் பார்த்து ஒருவர் ‘செயலியை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணிடலாம்’ என்பார். ரீஸ்டார்ட் ஆனதும் உயிரோடு இருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்து, புதிதாக நுழைய முயன்று, மொத்தமும் வெளியே நின்றுவிடும். பாதி நோயை முழு நோயாக்கும் மருந்து இது. உள்நுழைவுப் பிழை என்று காதில் விழுந்ததும் ரீஸ்டார்ட் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடுங்கள் என்று இளம் நண்பர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இதில் ஒரு கிளை: கடவுச்சொல்லோடு ‘கசாண்ட்ரா ஆத்தரைசர்’ மூலம் அனுமதிச் சோதனையையும் இயக்கியிருந்தால், பழைய இணைப்புகளும் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. அனுமதி விவரம் கேஷ் நினைவகத்தில் இயல்பாக 2 விநாடிதான் செல்லும். பிறகு அதையும் அதே விழுந்த நோடிடம் கேட்க வேண்டியிருக்கும்.

சரி, பிரதியை மூன்றாக்கிவிடுகிறோம். ஒரே கட்டளைதான். அது உடனே முடிந்ததாகவும் சொல்கிறது. அடுத்த மணி நேரத்தில் நிலைமை முன்பைவிட மோசம்! ஒரே பயனர், ஒரே கடவுச்சொல். ஒரு முறை உள்ளே விடுகிறது, மறுமுறை தவறு என்கிறது. காரணம் எளியது. அந்தக் கட்டளை இனிமேல் யார் யாரிடம் பிரதி இருக்க வேண்டும் என்ற விதியை மாற்றுகிறதே தவிர, இருக்கும் தரவை நகல் எடுத்து அனுப்புவதில்லை. புதிதாகப் பொறுப்பேற்ற இரண்டு நோடுகளும் காலி. சாதாரணப் பயனரின் உள்நுழைவுக்கு அருகிலுள்ள ஒரு பிரதியைக் கேட்டாலே போதும் என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பிந்தைய பதிப்புகளில் அதை நாமே அமைத்துக்கொள்ளலாம். கேட்ட பிரதி காலியானதாக இருந்துவிட்டால், ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று அது மனதாரச் சொல்கிறது. பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மேலே வரும் செய்தியிலோ ‘பயனர் இல்லை’ என்றும் இருக்காது. பயனர் இல்லாவிட்டாலும் கடவுச்சொல் தவறானாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்பது பாதுகாப்பு வழக்கம். பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது உண்மையான பெயர் என்று ஒருவன் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா? அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். அதற்கு விலை கொடுப்பவர் பழுது பார்ப்பவர். மருந்து, பிரதிகளை ஒப்பிட்டுச் சமன்செய்யும் ‘நோட்டூல் ரிப்பேர்’ கட்டளையை ஒவ்வொரு நோடிலும் அந்த கீஸ்பேஸுக்கு ஓட்டுவது. அது ஓடி முடியும் வரை யாரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம், பயனரை அழித்து உருவாக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் வேலை செய்வதுபோல் தோன்றும். மாற்றிய ஒருவருக்கு மட்டும் புதிய எழுத்து மூன்று பிரதிக்கும் போய்விடுவதால் அவர் பிழைத்துக்கொள்வார். மற்ற அத்தனை பேரும் அதே குழியில் கிடப்பார்கள். ‘கடவுச்சொல்லை மாற்றினேன், சரியாகிவிட்டது’ என்ற மகிழ்ச்சி நோயின் பெயரையே அழித்துவிடும்.

முதன்மைப் பயனர் கதை வேறு. கசாண்ட்ரா என்ற அந்தப் பெயரில் நுழைந்தால் மட்டும் பெரும்பான்மைப் பிரதிகள் பதில் சொல்ல வேண்டும். அதை கோரம் என்கிறார்கள். மொத்தப் பிரதிகளில் பாதிக்கு மேல். இரண்டு டேட்டா சென்டர், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி என்றால் மொத்தம் ஆறு, வேண்டியது நான்கு. இரண்டுக்கும் நடுவே இணைப்பு அறுந்தால் எந்தப் பக்கத்திலும் மூன்றுதான் எட்டும். சாதாரணப் பயனர் நுழைவார், சர்வ அதிகாரமும் உள்ளவர் வெளியே நிற்பார். கிளஸ்டர் நோயுற்ற நேரத்தில்தான் அவர் தேவைப்படுவார், அந்த நேரத்தில்தான் அவரால் வர முடியாது. அதனால்தான் நிறுவிய அன்றே வேறு பெயரில் ஒரு முதன்மைப் பயனரை உருவாக்கிக்கொண்டு, பிறவிப் பயனரின் அதிகாரத்தைப் பறித்து, நுழையவும் விடாமல் செய்துவிடச் சொல்கிறார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த கடவுச்சொல் ஒன்று உங்கள் சர்வரில் இருப்பது எப்படியும் ஆகாது.

இங்கே நான் சொன்ன ‘சட்டை மாற்றம்’ கண்ணெதிரே நடக்கும். கோரம் கிடைக்காதபோது வரும் பிழைச் செய்தியைப் பாருங்கள். முதலில் 0100 என்ற எண், அதற்கு விளக்கமாக ‘பேட் கிரெடென்ஷியல்ஸ்’, அதாவது கொடுத்த சான்று தவறு. அதே வரியின் கடைசியில், ‘கோரம் அளவுக்கான உடன்பாட்டை எட்ட முடியவில்லை’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். முன்பாதி சொல்வது ‘தவறு’. பின்பாதி சொல்வது ‘தெரியவில்லை’. பின்பாதிதான் உண்மை. பெரும்பாலான செயலிகள் எண்ணை மட்டும் படித்து, ‘கடவுச்சொல் தவறு’ என்று அழகான தமிழிலோ ஆங்கிலத்திலோ பயனருக்குக் காட்டிவிடுகின்றன. நீங்கள் செயலி எழுதுகிறவரானால், தயவுசெய்து சர்வர் தந்த முழு வாக்கியத்தையும் லாகில் எழுதுங்கள். அதை வெட்டி எறியாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்படும் ஒருவருக்கு அந்த அரை வரிதான் கதி.

ஆக, எங்கிருந்து தொடங்குவது? ஒவ்வொரு நோடின் முகவரியையும் தனித்தனியாகக் கொடுத்து, அதே பயனராக நேராக நுழைந்து பாருங்கள். எல்லா நோடும் ஒரே குரலில் மறுத்து, செய்தியின் கடைசியில் உடன்பாட்டை எட்ட முடியவில்லை என்ற அரை வரியும் இல்லாவிட்டால், கடவுச்சொல்லே தவறாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒன்று ஏற்று மற்றொன்று மறுத்தால் கடவுச்சொல் குற்றமற்றது. பிரதிகளுக்குள் வேற்றுமை, ரிப்பேர் தேவை. ஏற்கவும் இல்லாமல் மறுக்கவும் இல்லாமல் நேரம் கடந்து கைவிட்டால், அது நோடு அல்லது நெட்வொர்க்கின் சிக்கல். இந்த ஒரு சோதனை பல மணி நேர வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும். பிழை எண் 2100 என்றால் நீங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள். கேட்ட அட்டவணைக்கு அனுமதி இல்லை என்று பொருள். அதற்குக் கடவுச்சொல்லை மாற்றி ஒரு பயனும் இல்லை. நோட்டூல் கட்டளையே உள்ளே விடவில்லையா? அது 7199 போர்ட்டில் ஜேஎம்எக்ஸ் வழியாகப் பேசுவது; அதன் கடவுச்சொல் ஏற்பாடு இயல்பில் தனி. செயலிகள் பேசும் 9042 போர்ட்டில் நுழையும் பயனரை அது அறியாது.

புதிதாக ஒரு டேட்டா சென்டரைச் சேர்த்ததும் அங்கே மட்டும் ஒருவராலும் நுழைய முடியவில்லை என்றால், சிஸ்டம் ஆத் கீஸ்பேஸின் அமைப்பில் அந்த டேட்டா சென்டரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. தவறான பெயரைப் பழைய பதிப்புகள் தடுக்காமல் வாங்கிக்கொள்ளும்.

கடிகாரத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சந்தேகப்படாத இடம் அது. கசாண்ட்ராவில் ஒரே விவரத்துக்கு இரண்டு எழுத்து இருந்தால், நேரக் குறி பிந்தியது எதுவோ அதுவே நிற்கும். ஒரு நோடின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. அதன் வழியாக நேற்றிரவு ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினார். ஐந்து நிமிடம் கழித்து, சரியான கடிகாரமுள்ள இன்னொரு நோடு வழியாக மறுபடி மாற்றினார். இரண்டாவது மாற்றத்தின் நேரக் குறி முதலாவதைவிடச் சிறியது. கட்டளை வெற்றி என்று வரும், கடவுச்சொல் மட்டும் மாறியிருக்காது. கெர்பரோஸ் என்ற அங்கீகார முறையிலும் கடிகாரம் முக்கியம். இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் மறுத்துவிடும். அங்கே மறுப்பாவது வருகிறது. இங்கே மௌனம். ஆகையால் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி சேவை எல்லா நோடிலும் ஓடுகிறதா என்பதைப் பழுது வந்த பிறகு பார்க்கக் கூடாது, வருமுன் பார்க்க வேண்டும்.

வேகம் குறித்தும் ஒன்று. கடவுச்சொல்லை ஹாஷ் செய்யும் பிகிரிப்ட் முறையை 1999இல் நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மாசியேர்ஸும் வெளியிட்டார்கள். வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி அமைத்தது, திருடியவன் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கக் கூடாது என்பதற்காக. நூற்றுக்கணக்கான செயலிகள் ஒரே நேரத்தில் எழுந்து ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்தால் இந்த மெதுமை சர்வரின் மூச்சை அடைக்கும். சரியான கடவுச்சொல்லுக்கும் நேரம் கடந்துபோகும். செயலிகளைச் சிறு சிறு தொகுதியாக எழுப்புங்கள். கேஷ் காலத்தை மணிக்கணக்கில் நீட்டிவிடும் குறுக்கு வழியும் உண்டு. அப்படி நீட்டினால், வேலையை விட்டு நீக்கப்பட்டவரின் அனுமதியும் அத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும். சில நிமிடங்களுக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

எதுவும் பலிக்காதபோது, அழுத்தம் தாங்காமல் செய்யப்படும் ஒரு காரியத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. அங்கீகாரத்தையே அணைத்துவிடுவது. ‘இப்போதைக்கு, காலையில் திரும்ப இயக்கிவிடலாம்.’ காலையில் அவரவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். 2017 ஜனவரியில், கடவுச்சொல் கேட்காமல் இணையத்தில் வெளிப்பட்டுக் கிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் துடைத்தெடுக்கப்பட்டு, பிட்காயின் கேட்கும் குறிப்பு ஒன்று மட்டும் அங்கே விடப்பட்டது. முதன்மைப் பயனரின் கடவுச்சொல் உண்மையிலேயே தொலைந்துபோய், அணைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஒரே ஒரு நோடை எடுங்கள். வெளியிலிருந்து யாரும் தொட முடியாதபடி அதன் 9042 போர்ட்டை அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரிக்குக் கட்டுங்கள். அங்கே மட்டும் அணைத்து, கடவுச்சொல்லைப் புதுப்பித்து, அங்கீகாரத்தைத் திரும்ப இயக்கிய பிறகே அந்த நோடை வெளியாருக்குத் திறந்துவிடுங்கள். கூகுளின் பொறியாளர்களும் நான் முதலில் சொன்ன அந்த டிசம்பர் 14 அன்று ஒதுக்கீட்டுக் கட்டுப்பாட்டை நீக்கும் தீர்வை முதலில் ஒரே டேட்டா சென்டரில் செய்து, பிழைகள் குறைவதைப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குக் கொண்டுபோனார்கள். உலகமே கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நிதானம் இருந்தது.

பதிலே வராத நோடையும் காலியான பிரதியையும் ஒரு சோதனைக் கிளஸ்டரில் நீங்களே உண்டாக்கிப் பார்க்க முடியும். மூன்று நோடு போதும்; ஒரு நல்ல மடிக்கணினியில் ஓடிவிடும். பிரதி எண்ணிக்கை 1 இருக்கும்போது நாலைந்து பயனர்களை உருவாக்குங்கள். ஒரு நோடை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக நுழைந்து, யாருக்கு என்ன செய்தி வருகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு நோடை எழுப்பி, எண்ணிக்கையை 3 ஆக்கி, ரிப்பேர் ஓட்டாமல் மறுபடி முயலுங்கள். அந்தச் செய்திகளையும் எழுதுங்கள். கடைசியாக ரிப்பேர் ஓட்டி, ஒரு நோடை நிறுத்தி, எல்லோரும் நுழைகிறார்களா என்று பாருங்கள். அந்தத் தாளை உங்கள் குழுவின் அவசரக் கையேட்டில், ரீஸ்டார்ட் பற்றிய பக்கத்துக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள்.